முதுகில் போட்ட ஊசி மேல் பழி போடாதீர்கள்

"அந்த ஊசி போட்டதிலிருந்துதான் இந்த இடுப்புவலி." சிசேரியன் ஆகி இரண்டு வருஷம் ஆனவரும் சொல்கிறார், இருபது வருஷம் ஆனவரும் சொல்கிறார். சித்தி சொல்கிறார், பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். விவரம் தெரிந்த சில மருத்துவப் பணியாளர்கள்கூட மறுத்துப் பேசாமல் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். மயக்க மருந்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சிசேரியனுக்காக முதுகில் போடும் ஊசி ஆயுசுக்கும் முதுகுவலி தருவதில்லை.

"எவ்வளவு பெரிய ஊசி!" என்று பயப்படுகிறார்கள். நீளம்தான். தடிமன் என்று பார்த்தால் அரை மில்லிமீட்டர். ரத்தப் பரிசோதனைக்குக் கையில் குத்தும் ஊசியே பெரும்பாலும் இதைவிடத் தடிமனாக இருக்கும். உட்கார வைத்தோ ஒருக்களித்துப் படுக்க வைத்தோ முதுகை வளைக்கச் சொல்கிறோம். வளைந்தால் எலும்புகளுக்கு நடுவே வழி திறக்கும். இடுப்புப் பகுதியின் மூன்றாவது, நான்காவது எலும்புகளுக்கு இடையில் ஊசி நுழைகிறது. தண்டுவடமோ அதற்கு வெகு மேலே, முதல் எலும்பின் அருகிலேயே முடிந்துவிடுகிறது. கீழே இருப்பது நீரும் அதில் மிதக்கும் நரம்பு இழைகளும்தான். ஊசியின் பின்முனையில் தெளிந்த நீர் சொட்டியதும் சுமார் இரண்டு மில்லி புபிவகைன் மருந்து உள்ளே போகிறது. கால் சூடாகும், கனக்கும், பிறகு மரத்துவிடும். இரண்டு மூன்று மணி நேரத்தில் மருந்தின் வேலை முடிந்துவிடும். உடம்பு அதை வெளியேற்றிவிடும், முதுகெலும்பில் எதுவும் தங்காது.

"ஊசி குத்தி ஜவ்வு விலகிடுச்சு" என்ற பேச்சும் உண்டு. ஜவ்வு இருப்பது முதுகெலும்பின் முன்பக்கம், வயிற்றை நோக்கி. ஊசி பின்பக்கமாக வந்து நடுவிலுள்ள நீர்ப்பையிலேயே நின்றுவிடுகிறது. அது எப்படி ஜவ்வை விலக்கும்?

இந்த வதந்தி இவ்வளவு ஊன்றியதற்குக் காரணம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். சிசேரியன் ஆனவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு முதுகில்தான் ஊசி. ஆகவே வலி வந்த எவருக்கும் கைகாட்ட ஓர் ஊசி தயாராக இருக்கிறது. சுகப்பிரசவம் ஆனவர்களுக்கு இடுப்பு வலிப்பதில்லையா? தாராளமாக வலிக்கிறது. அவர்களுக்குப் பழிபோட ஊசி இல்லை, அவ்வளவுதான்.

ஆராய்ச்சியாளர்களும் ஒரு சமயம் இதே சந்தேகத்தில் இருந்தார்கள். பிரசவ வலியைக் குறைக்க முதுகில் எபிடூரல் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு முதுகுவலி அதிகம் என்று 1990இல் பர்மிங்காமிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அது 11,000க்கும் மேற்பட்ட தாய்மார்களிடம் பல வருஷம் கழித்து, நினைவிலிருந்து கேட்டு எழுதியது. பிறகு வந்த ஆய்வுகள் முன்கூட்டியே பெண்களைச் சேர்த்துக்கொண்டு தொடர்ந்து கவனித்தன. எபிடூரல் யாருக்கு என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்துச் செய்த பிரிட்டிஷ் ஆய்வு 2002இல் வெளியானது. நீண்டகால முதுகுவலியில் இரு பிரிவினருக்கும் வித்தியாசம் இல்லை. எபிடூரலுக்குப் போடும் ஊசி, சிசேரியனுக்குப் போடுவதைப் போல மூன்று மடங்கு தடிமன் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபம் வருவது வதந்தி பொய் என்பதற்காக மட்டும் இல்லை. இதை நம்பி, "முதுகுல வேண்டாம் டாக்டர், முழு மயக்கமே குடுங்க" என்று தியேட்டர் வாசலில் குடும்பமே நிற்கிறது. முழு மயக்கத்தில் ஆபத்து உண்டு. கர்ப்பிணிக்குத் தொண்டை வீங்கியிருக்கும், மூச்சுக்குழாய் செலுத்துவது சிரமமாகலாம். வயிற்றில் இருப்பது எதுக்களித்து நுரையீரலுக்குள் போகலாம். மருந்து குழந்தைக்கும் போகும். அவசரத்தில், வேறு வழியில்லாதபோது முழு மயக்கம் கொடுக்கத்தான் செய்கிறோம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்பதற்காக அந்த ஆபத்தைக் கேட்டு வாங்காதீர்கள்.

ஊசியால் வரக்கூடியது எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குத்திய இடம் சில நாள் தொட்டால் வலிக்கும். மெல்லிய பென்சில் முனை ஊசியில் நூறில் ஒருவருக்குத் தலைவலி வரலாம்: உட்கார்ந்தால் தலை பிளக்கும், படுத்தால் விட்டுவிடும். இது ஆரம்பத்திலிருந்தே தெரிந்த விஷயம். 1898இல் இந்த முறையைத் தொடங்கிவைத்த ஜெர்மானிய மருத்துவர் ஆகஸ்ட் பியர் தன் முதுகிலேயே சோதித்துப் பார்த்து இதே தலைவலியில் படுத்தார். பெரும்பாலும் தானாகச் சரியாகும். தாங்க முடியாவிட்டால் உங்கள் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து முதுகில் செலுத்தி நிறுத்தலாம், மருத்துவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். காய்ச்சலோடு முதுகுவலி, கால் பலவீனம், மூத்திரம் போவது தெரியாமல் போவது என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. இவை மிக மிக அபூர்வம்.

சிசேரியனைச் சுற்றி வேறு சில நம்பிக்கைகளும் உண்டு. தலையணை வைக்காமல் மட்டமாகப் படுத்தால் தலைவலி வராது என்பது தவறு. படுக்கையில் கிடப்பது அதைத் தடுப்பதில்லை. தண்ணீர் குடித்தால் தையல் சீழ் பிடிக்கும் என்பது கொடுமை. பால் கொடுப்பவளுக்குத் தாகம் எடுக்கும், குடிக்கட்டும். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகி, முக்கும்போதுதான் தையல் வலிக்கும். பச்சை உடம்பு, எழுந்திருக்கக் கூடாது என்பது ஆபத்தான பேச்சு. பிரசவத்தை ஒட்டி ரத்தம் எளிதில் உறையும். காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிரே போகலாம். உணர்வு திரும்பியதும் ஒருவர் கைப்பிடித்து நடக்கவிடுங்கள். முதலாவது சிசேரியன் என்றால் அடுத்ததும் அதுதான் என்பதும் சரியில்லை. தையல் எந்த வகை, இடைவெளி எவ்வளவு என்று பார்த்து, தியேட்டர் வசதியுள்ள மருத்துவமனையில் முயல்பவர்களில் பத்தில் ஆறேழு பேருக்காவது சுகப்பிரசவம் ஆகிறது.

ஊசி காரணமில்லை என்றால் முதுகு ஏன் வலிக்கிறது? கர்ப்பக் காலத்திலேயே பாதிப்பேருக்கு மேல் வலி தொடங்கிவிடுகிறது. வயிறு முன்னுக்கு இழுக்கிறது, இடுப்பு மூட்டுகளின் நார்கள் தளர்கின்றன, வயிற்றுத் தசை பிரிந்து பலமிழக்கிறது. அந்த உடம்போடு ஒரு தாய் பால் கொடுக்க எப்படி உட்கார்கிறாள் என்று வார்டில் போய்ப் பாருங்கள். இரும்புக் கட்டிலின் ஓரத்தில், கால் தரையில் எட்டாமல், முதுகுக்குச் சாய்மானம் இல்லாமல். தையல் இழுக்குமோ என்ற பயத்தில் ஒரு தோளைச் சரித்து, கழுத்தை வளைத்து, குழந்தையை நோக்கி மார்பைக் கொண்டுபோகிறாள். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷமாவது. தினம் மூன்று நான்கு மணி நேரம் கூனி உட்கார்ந்தால் எந்த முதுகு தாங்கும்?

2015இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை திறந்த மாநிலம் இது. பிரசவ வார்டில் கட்டிலுக்கு ஒரு நாற்காலி போட ஏன் முடியவில்லை? கையும் முதுகுச் சாய்மானமும் உள்ள சாதாரண நாற்காலி, காலுக்கு ஒரு முக்காலி, மடியில் ஒரு தலையணை. அரசு மருத்துவமனைகளுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் இதைக் கோரிக்கையாகவே வைக்கிறேன். வார்டில் இல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் சுவரோரமாக ஒரு நாற்காலி போட்டு, குழந்தையை மார்புக்கு உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆறு வாரத்துக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் அவள் தூக்க வேண்டாம். தண்ணீர்க் குடத்தை வீட்டில் இருக்கும் ஆண்கள் தூக்கட்டும்.