யானை வாங்கியாச்சு, அங்குசம் எங்கே?
(கார் உதிரிபாகம் வாங்குவது பற்றி ஒரு பாடம்)

மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை



யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு அலைந்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். பழைய கார் வைத்திருப்பவர்களின் பாடும் அதுதான். என்ஜின் நல்லாத்தான் இருக்கும். ஆனால் உள்ளங்கை அளவு ஆயில் சீல் ஒன்று கிடைக்காமல் வண்டி ஒரு வாரம் நிற்கும். இது ஏன்? டிப்ளமோ படிக்கும் நாம் இதற்கு என்ன செய்ய முடியும்? அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மாவட்டத்துக் கார்

நம் திருவள்ளூர் மாவட்டமும் கார் தயாரிக்கும் மாவட்டம்தான். 1998 முதல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து திருவள்ளூர் அருகே லான்சர் கார்களைத் தயாரித்தது. பிறகு அது நின்றது. 2021-ல் அங்கே சிட்ரோன் கார் தயாரிப்பு தொடங்கியது. அம்பாசிடர் 2014-ல் நின்றது. மறைமலைநகரில் ஃபோர்டு கார் தயாரிப்பு 2022-ல் நின்றது.

கம்பெனி நிறுத்தினாலும் ரோட்டில் ஓடும் வண்டிகள் நிற்பதில்லை. அதிகம் விற்ற வண்டிக்கு வெளிக் கம்பெனிகளும் பாகம் செய்யும். குறைவாக விற்ற வண்டிக்கு யார் செய்வார்கள்? ஆகவே நம் மாவட்டத்தில் பிறந்த லான்சருக்கே பாகம் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்குகிறார்கள். ஆனாலும் பழைய காருக்குப் பாகம் வேண்டுமென்றால் எலக்ட்ரிக் டிரெயின் ஏறி சென்னைக்குத்தான் போகிறோம். புதுசுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை.

பெயர் சொன்னால் போதாது

நான் பள்ளியில் படித்தபோது என் அப்பா பழைய அம்பாசிடர் ஒன்றை வாடகைக்கு ஓட்டினார். வண்டி நின்றால் வீட்டில் வருமானம் இல்லை. ஒருமுறை கிளட்ச் பிளேட் வாங்கப் போய், "அம்பாசிடருக்குக் குடுங்கண்ணே" என்று கேட்டார். கடையில் ஒன்றும் விசாரிக்காமல், "இதுவே செட் ஆகும், எடுத்துட்டுப் போங்க" என்று கொடுத்துவிட்டார்கள். கியர்பாக்ஸை இறக்கி வைத்த பிறகுதான் ஸ்ப்லைன் பல் சேரவில்லை என்று தெரிந்தது. மாற்றப் போனபோது, "கிரீஸ் பட்ட சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார்கள். பணமும் போச்சு, மூன்று நாள் வாடகையும் போச்சு. பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் இருந்ததை அப்பாவால் படிக்க முடியாது. எங்கள் வீட்டில் அதைப் படிக்கக்கூடிய முதல் ஆள் நான்தான்.

அம்பாசிடர் என்பது ஒரே வண்டி அல்ல. பழைய மோரிஸ் வழி வந்த 1489 சி.சி. என்ஜினும் உண்டு. 1990-களில் வந்த இசுஸு 1817 சி.சி. பெட்ரோல், 1995 சி.சி. டீசல் என்ஜின்களும் உண்டு. வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான். உள்ளே வேறு வேறு. எனவே கடையில் காரின் பெயரைச் சொல்லாமல், எண்ணையும் அளவையும் சொல்லிக் கேட்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண், என்ஜின் எண் இரண்டையும் எழுதிக்கொள்ளவும். இன்றைய கார்களில் சேஸிஸ் எண் 17 இலக்கம். அதில் ஆங்கில ஐ, ஓ, கியூ எழுத்துகள் வராது. ஓ போலத் தெரிந்தால் அது பூஜ்யம்.

2. கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கிப் போடாமல் துடைத்துப் பார்த்தால் பெரும்பாலும் பார்ட் நம்பர் தெரியும். பழைய பாகத்தைக் கையோடு கடைக்குக் கொண்டு போவது நல்லது.

3. பேரிங் எண் எந்தக் கம்பெனிக்கும் பொது. 6205 என்றால் கடைசி 05-ஐ 5-ஆல் பெருக்க, உள்விட்டம் 25 மி.மீ. வெளிவிட்டம் 52, அகலம் 15. இந்தக் கணக்கு 04 முதல் செல்லும். 00, 01, 02, 03 என முடிந்தால் முறையே 10, 12, 15, 17 மி.மீ. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தும் முக்கியம். இசட்.இசட். என்றால் இருபுறமும் தகடு மூடி, 2ஆர்.எஸ். என்றால் ரப்பர் மூடி.

4. ஆயில் சீலில் 25×42×7 என்று இருந்தால் தண்டின் விட்டம், சீல் உட்காரும் துளையின் விட்டம், அகலம் என்று பொருள். அளவு சேர்ந்தால் மட்டும் போதாது. சாதாரண நைட்ரைல் ரப்பர் சுமார் 100 டிகிரி வரைதான் தாங்கும். என்ஜின் சூட்டில் இருக்கும் சீலுக்கு என்ன ரப்பர் என்று கேட்டு வாங்க வேண்டும்.

5. மரையைக் கேஜ் வைத்துப் பார்க்கவும். 3/8 அங்குல போல்ட்டின் விட்டம் 9.5 மி.மீ. சொச்சம், எம்10 போல்ட்டுக்கு 10 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எம்10 துளையில் 3/8 போல்ட் கையால் கொஞ்சம் ஏறும், ஸ்பானர் போட்டு இறுக்கினால் மரை போய்விடும்.

6. கதவு, கண்ணாடி, விளக்கு, கியர்பாக்ஸ் கூடு முதலியவற்றை விரிசல் பார்த்துப் பழசாக வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங் பாகங்கள், டைமிங் பெல்ட், ரப்பர் சாமான் ஆகியவற்றைப் பழசாக வாங்கவே கூடாது. அதில் மிச்சம் பிடிப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

7. பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை இருக்க வேண்டும். பார்ட் நம்பர் எழுதிய பில் கேட்டு வாங்கவும். போலி முத்திரையிட்டு விற்பது 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டப்படி குற்றம். தண்டனை 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.

மலிவு என்பது எது?

விலை குறைந்த சீல் ஒன்றை வாங்கிப் போடுகிறோம். கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல் என்றால் அதை மாற்ற மறுபடி கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கூலி, நாள், வாடகை மூன்றையும் சேர்த்தே விலையைக் கணக்குப் போட வேண்டும்.

நண்பர்களே! நம் ஊர் மெக்கானிக் அண்ணன்கள் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் கைதேர்ந்தவர்கள். பலருக்கு இல்லாதது ஏட்டுப்படிப்பு மட்டுமே. நமக்குக் கிடைத்திருக்கும் வெர்னியரும் அட்டவணையும் பிராக்டிகல் தேர்வோடு முடிந்துவிடக் கூடாது. இந்த விடுமுறையில் உங்கள் தெரு ஷெட்டுக்குப் போங்கள். அங்கே அடிக்கடி மாற்றும் பத்து பாகங்களின் எண்ணையும் அளவையும் தமிழில் ஒரு நோட்டில் எழுதி, சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டு வாருங்கள். அதனால் ஒரு வண்டி ஒரு நாள் முன்னதாக ஓடினாலும், ஒரு வீட்டில் அடுப்பு எரியும்!