இதயத் தசைக்குள் எட்டிப் பார்க்கும் காந்தம்

மாணவர்களே, ஒரு கேள்வியோடு தொடங்குவோம். ஒருவருக்கு நெஞ்சு வலி இல்லை. மூச்சுத் திணறலும் இல்லை. எக்கோ பரிசோதனையில் இதயம் நன்றாகவே இரத்தத்தை வெளியேற்றுகிறது. அப்படியானால் அவருடைய இதயம் நலம் என்று முடிவு செய்துவிடலாமா?

அவர் எச்.ஐ.வி. கிருமி தொற்றியவர் என்றால், அவசரப்பட்டு முடிவு செய்யக்கூடாது. 1996ஆம் ஆண்டு முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலானது. மருந்தைத் தவறாமல் உட்கொள்பவர்கள் இன்று நெடுநாள் வாழ்கிறார்கள். ஆனால், இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த பிறகும் நோய் எதிர்ப்பு மண்டலம் முழுமையாக ஓய்வதில்லை. இலேசான அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்து, இரத்தக் குழாய்களையும் இதயத் தசையையும் மெல்லப் பாதிக்கிறது. இவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு.

எம்.ஆர்.ஐ. எப்படிப் பார்க்கிறது?

நம் உடலில் நீர் அதிகம். நீரில் உள்ள ஹைட்ரஜனின் அணுக்கரு ஒரு புரோட்டான். அது ஒரு குட்டிக் காந்தம் போன்றது. 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு வலியது. அதற்குள் புரோட்டான்களில் ஒரு சிறு பங்கு கூடுதலாக ஒரே திசையில் அணிவகுக்கும். வானொலி அலையைச் செலுத்தினால் அணிவகுப்பு கலையும். நிறுத்தினால் மீண்டும் அணிவகுக்கும். இப்படித் திரும்புவதற்கான நேர அளவே 'டி1'. நலமான இதயத் தசையில் இது ஏறக்குறைய 1 விநாடி.

பள்ளியில் ஓய்வு நேரம் முடிந்து மணி அடிப்பதை நினைத்துப் பாருங்கள். வகுப்பின் அருகில் நிற்பவர்கள் உடனே வரிசையில் நிற்பார்கள். திடல் முழுதும் சிதறியிருப்பவர்கள் தாமதமாக வருவார்கள். இதயத் தசையிலும் இதே கதைதான். அழற்சியால் நீர் கோத்தாலும், தழும்பு நார்கள் படர்ந்தாலும், உயிரணுக்களுக்கு வெளியே இடம் பெருகும், டி1 நீளும். கணினி அதை வண்ணப் படமாகக் காட்டும். இதில் எக்ஸ்ரே கதிர் இல்லை.

ஆக்ஸ்ஃபர்டு ஆய்வாளர்கள் எச்.ஐ.வி. தொற்றிய 90 பேரின் இதயங்களை எம்.ஆர்.ஐ. கொண்டு ஆராய்ந்து, 2013இல் முடிவை வெளியிட்டனர். தொற்று இல்லாதவர்களைவிட இவர்களின் இதயத் தசையில் கொழுப்பும் தழும்பும் அதிகமாக இருந்தன.

முன்கூட்டியே அறிவதால் என்ன பயன்?

12 நாடுகளில் எச்.ஐ.வி. தொற்றிய 7,769 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. கொழுப்பைக் குறைக்கும் பிட்டாவாஸ்டாட்டின் மாத்திரை, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 35 விழுக்காடு குறைத்தது. ஆபத்தை முன்பே அறிந்தால் தடுக்க வழி உண்டு என்பதற்கு இது சான்று. புகை பிடிப்பதை நிறுத்துவதும், இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதும் அவ்வழியில் சேரும்.

எம்.ஆர்.ஐ. செலவு மிக்கது; எல்லாருக்கும் எடுக்க இயலாது. அப்படியானால், முதலில் யாருக்கு எடுக்க வேண்டும்? வகுப்பில் நண்பர்களோடு விவாதித்துப் பாருங்கள்.