தொழிலை விடாமல் பட்டப் படிப்பு

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவேயுள்ள திருவரங்கப் பகுதியில், குடும்பப் பொறுப்பினால் படிப்பை நிறுத்தி வாழை விவசாயத்தில் இறங்கிய இளைஞர்களை நாம் காண்கிறோம். அவர்கள் தொழிலை விடாமலே பட்டம் பெற வழியுண்டு. திருச்சிராப்பள்ளியில் 1982-இல் நிறுவப்பெற்ற பாரதிதாசன் பல்கலைக்கழகம் தொலைநிலைக் கல்வியும் அளித்து வருகிறது. 1985-இல் பாராளுமன்றச் சட்டத்தால் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இம்முறையில் நாடெங்கும் பணியாற்றுகிறது. அதன் முறையை இங்கு விளக்குவோம்.

பாடங்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். ஐயம் தீர்க்கக் கல்வி மையங்களில், பெரும்பாலும் விடுமுறை நாட்களில், வகுப்புகள் நடைபெறும். கேட்கப்படும் வினாக்களுக்கு வீட்டிலேயே விடையெழுதி ஒப்படைத்தல் வேண்டும். பொதுவாக இதற்கு நூற்றுக்கு 30 பங்கும், தேர்வுக்கு 70 பங்கும் உண்டு. ஒப்படைப்பைத் தவறவிட்டால், தேர்வில் தேறினாலும் அப்பாடம் நிறைவு பெறாது. தேர்வுகள் ஜூன், டிசம்பர் மாதங்களில் நடைபெறும். வயல் வேலையால் ஒன்று தவறினால் அடுத்ததில் எழுதலாம். மூன்றாண்டுப் படிப்பை ஆறாண்டுகளுக்குள் முடிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: 2009-ஆம் ஆண்டு அரசாணைப்படி, பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் தேறாமல் நேரடியாகப் பெற்ற திறந்தநிலைப் பட்டம் தமிழக அரசுப் பணிக்கு ஏற்கப்படுவதில்லை. ஆகவே, இடையில் நின்றவர்கள் முதலில் தனித்தேர்வராகப் பள்ளித் தேர்வை முடித்தல் நலம். இதனை அவர்கள் கட்டணம் செலுத்துமுன்பே எடுத்துக் கூறுவது ஊராட்சி உறுப்பினர்களின் கடமையாகும்.