ஊருக்குப் போகும் முன் பிள்ளைக்கு நீச்சல்

முழுப் பரீட்சை முடிந்ததும் நீச்சல் குளங்களின் வாசலில் கூட்டம் கூடிவிடும். இரண்டு வாரம் வகுப்பு, கையில் ஒரு சர்டிபிகேட், அடுத்த நாளே பிள்ளை தாத்தா ஊருக்கு பஸ் ஏறிவிடும். அங்கே கிணறு இருக்கிறது, ஆறு இருக்கிறது. 'எனக்குத்தான் நீச்சல் தெரியுமே' என்ற தைரியமும் கூடவே போகிறது. குளத்தின் அகலத்தை ஒரே மூச்சில் கை வீசிக் கடக்கிற பிள்ளைக்கு, எதிர்பாராமல் தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வதென்று தெரிந்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். முதலில் கற்க வேண்டியது அதைத்தான். ஸ்டைலெல்லாம் பிறகு வரட்டும்.

மே மாதக் கூட்டத்துக்குக் காத்திராமல் மார்ச்சிலேயே சேர்த்துவிடுங்கள். நான்கு வயது நிரம்பியிருந்தால் போதும். பணம் கட்டும் முன் குளத்தின் ஆழமான பக்கம் போய் எட்டிப் பாருங்கள். அடித்தரை பளிச்சென்று தெரியாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். அந்தத் தண்ணீரில் ஒரு பிள்ளை அடியில் கிடந்தாலும் யார் கண்ணிலும் படாது. புதிதாகக் கற்கும் பிள்ளைகள் ஒரு கோச்சுக்கு ஆறு பேர், அதற்குமேல் கூடாது. கரையில் நின்று விசிலடிக்கிற கோச் எனக்கு ஆகாது. பிள்ளையோடு தண்ணீரில் இறங்குகிறவராகப் பாருங்கள். நீச்சலுடை ஆரஞ்சு நிறத்திலோ அடர் ரோஸிலோ இருக்கட்டும். நீலம் தண்ணீருக்குள் மறைந்துவிடும்.

இனி, முக்கால்வாசிப் பிள்ளைகள் தடுமாறும் இடத்துக்கு வருவோம்: மூச்சு. தலையை முக்கியதும் பிள்ளை மூச்சை அடக்கிக்கொள்ளும். தலை மேலே வந்த அந்த அரை நொடிக்குள் பழைய மூச்சை விடவும் வேண்டும், புது மூச்சை இழுக்கவும் வேண்டும். இரண்டும் நடக்காது, பாதி மூச்சோடு பாதித் தண்ணீரும் உள்ளே போகும். அப்புறம் 'இவனுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம்' என்று பெயர் வாங்கிவிடுவான்.

இதற்குக் குளம்கூட வேண்டியதில்லை. ஓர் அகலமான பேசினில் தண்ணீர் பிடித்து மேஜைமேல் வையுங்கள். வாயால் மூச்சு இழு, முகத்தை உள்ளே வை, வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகு. மூக்கு வழியாகக் குமிழி வரும். குமிழி வந்துகொண்டிருக்கும்வரை மூக்கில் தண்ணீர் ஏறாது. தலையைத் தூக்கு, வாயால் இழு, மறுபடி உள்ளே. இப்படி நிற்காமல் பத்து முறை. கவனித்துப் பாருங்கள், தலையைத் தூக்கியதும் பிள்ளை இரண்டு கையாலும் முகத்தை வழித்துத் துடைக்கும். அந்தப் பழக்கத்தை இங்கேயே விடவைக்க வேண்டும். கால் எட்டாத ஆழத்தில் முகம் துடைக்கக் கை போனால் ஆள் உள்ளே போவான். நீச்சல் கண்ணாடியையும் முதல் வாரம் தராதீர்கள். தவறி விழும்போது யாரும் கண்ணாடி மாட்டிக்கொண்டு விழுவதில்லை. பயிற்சி முடிந்ததும் பேசின் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். நடை பழகும் குழந்தை இருக்கும் வீட்டில் வாளித் தண்ணீரும் மூடாத சம்ப்பும் கிணற்றுக்குச் சமம்.

மூச்சு பழகியதும் மல்லாந்து மிதக்க வேண்டும். இங்கே கெடுப்பது பெரும்பாலும் பெற்றோர்தான். பாசத்தில் பிள்ளையின் தலையை உயர்த்திப் பிடிப்பார்கள். தலை ஏறினால் இடுப்பு இறங்கும், இடுப்பு இறங்கினால் மிதப்பு போச்சு. இரண்டு காதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். 'காதுல தண்ணி போகுது' என்று கத்தினால், போகட்டும் என்று சொல்லுங்கள். கண் வானத்தைப் பார்க்க, வயிறு மேலே, நெஞ்சு நிறையக் காற்று. பின்மண்டைக்கு அடியில் உங்கள் உள்ளங்கை இருக்கட்டும். பிறகு ஒவ்வொரு விரலாக எடுங்கள், சொல்லாமல்.

பிறகுதான் பரீட்சை. கோச் பக்கத்தில் இருக்க, பிள்ளை ஆழத்தில் குதிக்க வேண்டும், மேலே வந்து மல்லாந்து மிதந்து நிதானமாக நாலு மூச்சு விட வேண்டும், திரும்பிச் சுவரைப் பிடித்து, ஏணி இல்லாமல் ஏறி வர வேண்டும். குளத்தார் அனுமதித்தால் ஒருநாள் டிராயர், டிஷர்ட்டோடும் செய்து பார்க்கட்டும். நனைந்த துணி எப்படி இழுக்கும் என்று அன்றைக்குத்தான் புரியும். இதைச் செய்கிற பிள்ளைக்குத்தான் நீச்சல் தெரியும் என்பேன். சர்டிபிகேட்டை பீரோவில் வையுங்கள்.

குறுக்குவழி கேட்பவர்கள் உண்டு. காற்றடைத்த கைப்பட்டை மாட்டினால் பிள்ளை தண்ணீரில் நட்டுக்குத்தலாக நின்று பழகும். மிதக்க வேண்டிய உடம்புக்கு நேர் எதிரான பாடம் அது. 'கிணத்துல தூக்கிப் போட்டா தானா வரும்' என்னும் சித்தப்பாக்களை வாயை மூடச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டினவர்கள் இடுப்பில் கயிறும் கட்டினார்கள், உள்ளே ஒருவர் நீந்திக்கொண்டும் இருந்தார். குடுக்கையை மட்டும் நினைவு வைத்துக்கொண்டால் எப்படி?

ஊர்த் தண்ணீர் வேறு. கோடையில் கிணற்று நீர்மட்டம் இறங்கியிருக்கும், போன வருஷம் குதித்த இடத்தில் இந்த வருஷம் பாறை நீட்டிக்கொண்டிருக்கும். படி வழியாக இறங்கட்டும், மோட்டாரை நிறுத்தின பிறகு. காவிரி, கொள்ளிடம், பாலாற்றில் மணல் அள்ளின குழி முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியிலேயே இருக்கலாம். வண்டல் எடுத்த ஏரியும் அப்படித்தான். கடலில் இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் நீர் ஆளைக் கடலுக்குள் இழுக்கும். சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரவேண்டும்.

பத்துப் பேர் கரையில் உட்கார்ந்திருந்தால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். போன் இன்னொருவர் பையில். எழுந்து போகும்போது 'மாமா, இனி நீங்க பாத்துக்கோங்க' என்று வாய்விட்டுச் சொல்லி, பதில் வாங்கிவிட்டுப் போகவேண்டும். மூழ்குகிறவர் கத்துவார் என்று காத்திருக்காதீர்கள். வாய் நீர்மட்டத்தில் இருக்கும், தலை பின்னால் சாயும், கைகள் ஏணி ஏறுவதுபோல் தண்ணீரை அழுத்தும். சத்தமே வராது.

காப்பாற்றுகிறேன் என்று குதிக்காதீர்கள். வேட்டி, கயிறு, மூடி இறுக்கின காலி கேன் எதையாவது வீசுங்கள். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை மருதையாற்று அணையில் மூழ்கிய நான்கு இளைஞர்களில் இருவரை மூன்று பெண்கள் சேலையை வீசித்தான் கரைசேர்த்தார்கள். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது.

மேலே கொண்டுவந்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டாம். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மூச்சு இல்லையென்றால் மல்லாத்திப் படுக்கவைத்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். அசைவில்லையானால் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல், ஆம்புலன்ஸ் வரும்வரை. பிள்ளை எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாலும், இருமலோ இரைப்போ இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் அன்று முழுக்க டாக்டர் கண்பார்வையில் வையுங்கள்.