மாணவர் உடன்பிறப்புச் சங்கங்கள்

அமெரிக்க நாட்டுக் கல்லூரிகளிலே கிரேக்க எழுத்துக்களால் பெயர் பெற்ற மாணவர் சங்கங்கள் பல உள. ஆடவர் சங்கத்தைப் பிராட்டர்னிட்டி என்றும், மகளிர் சங்கத்தைச் சொரோரிட்டி என்றும் வழங்குவர். இவை சகோதரன், சகோதரி எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களினின்று பிறந்தவை. தமிழிலோ உடன்பிறப்பு என்னும் ஒரு சொல்லே இருபாலார்க்கும் அமையும்.

இவற்றுள் முதலாவது, 1776ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் வர்ஜீனியாவிலுள்ள வில்லியம் மேரி கல்லூரியில் மாணவர் ஐவர் நிறுவிய பை பேட்டா காப்பா என்பது. மெய்யறிவின்பாற் காதலே வாழ்வின் வழிகாட்டி என்னும் கருத்துடைய கிரேக்கத் தொடரின் முதலெழுத்துக்களே இப்பெயராயின. யேலில் 1780இலும் ஹார்வார்டில் 1781இலும் இதன் கிளைகள் எழுந்தன. போரின் காரணமாக 1781இல் தாய்ச் சங்கம் நின்றுபோயிற்று. ஆலின் விழுதுபோல் கிளைகளோ நிலைத்தன. தாய்ச் சங்கம் கிளைக்கு உரிமைப் பத்திரம் அளிக்கும் இவ்வழக்கமே பின்வந்த சங்கங்கள் அனைத்தும் பரவியதற்குக் காரணம் என்க. ஹார்வார்டுக் கிளை 1831இல் மறைவொழுக்கத்தைத் துறந்தது. நாளடைவில் பை பேட்டா காப்பா கல்வித் தேர்ச்சியைப் பாராட்டும் சங்கமாயிற்று. நட்பையும் கூட்டுறைவையும் நாடிய சங்கங்களோ, யூனியன் கல்லூரியில் 1825இல் தோன்றிய காப்பா ஆல்பாவின் வழிவந்தவை.

மகளிர் பின்தங்கினாரல்லர். ஜார்ஜியாவின் வெஸ்லியன் கல்லூரியில் 1851இலேயே அவர்க்கெனச் சங்கம் பிறந்தது. ஆயினும் சொரோரிட்டி என்னும் சொல் வழக்கிற்கு வந்தது 1882 அளவிலேயாம். அதனை ஆக்கித் தந்தவர் சிராக்யூஸ் கல்லூரியின் இலத்தீன் ஆசிரியர் ஒருவர். பெயரில்லாமலே முப்பதாண்டு வாழ்ந்த சங்கம் என்று நாம் வியக்கலாம்!

இனி, இச்சங்கங்களில் யார் புகலாம் என்பதே நம் ஆராய்ச்சிக்குரியது. புதியவரை ஏற்பதும் விலக்குவதும் உறுப்பினர் வாக்கைப் பொறுத்தன. விலக்கப்பட்ட கறுப்பின மாணவர் கார்னெலில் 1906இல் ஆல்பா பை ஆல்பாவையும், மாணவியர் ஹோவர்டில் 1908இல் ஆல்பா காப்பா ஆல்பாவையும் தாமே தோற்றுவித்தனர்.

தாயும் கிளையுமாய் அமைந்த சங்கம் நமக்குப் புதிதன்று. எம்மூராகிய ஆரணியில் பட்டு நெய்யும் செங்குந்தர், முற்காலத்தே காஞ்சியை மகாநாடாகக் கொண்டு 72 நாடுகளாய்ப் பிரிந்து நின்ற மரபினர். நெறி பிறழ்ந்தோரை விசாரித்தலும் வழக்குத் தீர்த்தலும் அந்நாடுகளின் தொழில். ஆயின் அங்கு நுழைவாயில் பிறப்பு ஒன்றே. தெருவில் பாவு நீட்டும்போது உதவிக்கு வரும் கைகளுக்கும் அந்த எல்லை நெடுங்காலம் இருந்தது.

அமெரிக்க மிஷனரிமார் 1853இல் ஆர்க்காட்டு மிஷனை அமைத்தனர். ஆரணியும் அதன் நிலையங்களுள் ஒன்று. பள்ளியும் மருத்துவமும் அவர்களோடு வந்தன. கிரேக்க எழுத்துச் சங்கங்கள் இங்கு வேரூன்றவில்லை. அவற்றிற்கு நிகராக நாம் காட்டத்தக்கன விடுதிகளே. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்திற்குப் பெயர்ந்தபோது சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் என மூன்று ஹால்கள் எழுந்தன. ஹால் பற்று அங்கே குலப்பற்றினும் வலிது என்பர். அங்கு இடம் பெறப் பழைய மாணவர் வாக்களிக்க வேண்டுவதில்லை. பக்கத்து அறையில் யார் வருவார் என்பதை நாம் தெரிந்தெடுப்பதுமில்லை. எனினும் ஓரூரார் ஒரு மேசையிலும், ஒரு சாதியார் மற்றொரு மேசையிலும் கூடியுண்ணும் விடுதிகளை நாம் கண்டதுண்டு. எழுத்தில்லாச் சங்கம் அது. உரிமைப் பத்திரமும் அதற்கு வேண்டுவதில்லை.