சோறூட்ட செல்போன் வேண்டுமா?

கேள்வி: ஒன்றரை வயது மகளைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். சோறூட்டும்போது செல்போனில் பாட்டுப் போடுகிறார்களாம். பரவாயில்லையா?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அம்மா. 2 வயது வரை திரையே கூடாது, 5 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் ஏறக்குறைய இதையேதான் சொன்னது. போனில் கண் பதித்த பிள்ளை, வயிறு நிறைந்தது தெரியாமல் வாயைத் திறந்துகொண்டே இருக்கும். ஊட்டுகிறவர் முகம் பார்ப்பது பேச்சு வரவும் உதவும். அங்குள்ள ஆயாவைக் கோபிக்காதீர்கள். ஒருவரே பல பிள்ளைகளுக்கு ஊட்டினால் போனைத்தான் தேடுவார். ஒரு ஆளுக்கு எத்தனை பிள்ளைகள் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். குற்றாலச் சாரல் நாட்களில் வெளியே விடமுடியாதபோது டிவி ஓடுகிறதா என்பதையும் விசாரியுங்கள். வீட்டிலும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போனை எடுக்காதீர்கள்.