இருதய ஸ்கேனும் மூச்சு அடக்குதலும்

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்போது "மூச்சைப் பிடிங்க" என்று ஏன் சொல்கிறார்கள் என்று சில குடும்பத்தார் எங்களிடம் கேட்கிறார்கள். காரணத்தைப் பார்ப்போம்.

ஓடுகிற பிள்ளையைப் போட்டோ பிடித்தால் படம் கலங்கிவிடும் அல்லவா? இருதயமும் ஓயாமல் துடிக்கிறது. நாம் மூச்சு விடும்போது இடமும் மாறுகிறது. ஆகையால் நெஞ்சில் ஈ.சி.ஜி. வயர் ஒட்டி, பல துடிப்புகளில் சிறிது சிறிதாகத் தகவல் சேர்த்தே ஒரு படத்தை உண்டாக்குவார்கள். அதற்குப் பத்துப் பதினைந்து செக்கன் மூச்சை அடக்க வேண்டும். இப்படிப் பல தடவை. மூச்சு வாங்கும் நோயாளிக்கு இது பெரும் கஷ்டம்.

1999ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர ஆய்வாளர்கள் ஒரு வழியை வெளியிட்டார்கள். நெஞ்சின்மேல் பல சுருள்களை வைத்து, எல்லாம் ஒரே நேரத்தில் தகவல் பிடிக்கும் முறை அது. ஒரு மலையை ஒருவரே எடுத்தால் பொழுது சாய்ந்துவிடும். நிரை பிரித்து நாலு பேர் எடுத்தால் சீக்கிரம் முடியும். அதைப் போலத்தான். 2007இல் அமெரிக்க ஆய்வாளர்கள், குறைந்த தகவலிலிருந்தே கம்ப்யூட்டர் முழுப்படத்தைக் கணக்கிடும் முறையை விளக்கினார்கள். இவற்றால் சில இயந்திரங்களில் சாதாரணமாக மூச்சு விட்டபடியே இருதயத்தைப் படம் எடுக்க முடிகிறது.

எல்லா இயந்திரத்திலும் இவ்வசதி இல்லை. ஆகவே மூச்சை அடக்க முடியாவிட்டால் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லுங்கள். அடக்குவதுபோல் காட்டி இடையில் மூச்சு விட்டால் படம் கெட்டு, டாக்டருக்கு நோய் தெரியாமல் போகலாம்.

இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. ஆனால் காந்தம் பலமானது. பேஸ்மேக்கரோ உடம்புக்குள் இரும்புத் துண்டோ இருந்தால் மறைக்க வேண்டாம். தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.